செவிலியும் பிள்ளைமடுவமும்: மாத்தளைத் தோட்டங்களில் மழலைப் பராமரிப்பின் செலவு யாருக்குரியது?

தமிழ் இலக்கிய மரபிலே குழந்தை வளர்ப்பு ஒரு தாயின் தனிக் கடமையாக மட்டும் காட்டப்படவில்லை. சங்க அகப்பாடல்களில் நற்றாயோடு செவிலித்தாயும் பேசுகின்றாள். தலைவியை ஊட்டி வளர்த்தவள் என்ற உரிமையோடு பேசுகின்றாள். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழோ காப்பு, செங்கீரை, தால், சப்பாணி எனக் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்து, ஒவ்வொன்றையும் அருகிருந்து பார்த்து மகிழ்கின்றது. தலையெடுத்து ஆடுவதும், கைகொட்டுவதும், தளர்நடையிட்டு வருவதும் கவனிக்கப்படுகின்றன எனின், கவனிப்பதற்கு ஒருவர் அருகே இருந்தார் என்பது பெறப்படும். அவ்வாறு இருப்பவருக்கு ஓய்வு வேண்டும். அவ்வோய்வுக்குரிய செலவை எவரோ ஏற்கவும் வேண்டும். செவிலியை வைத்திருக்கத் தக்க மனை எது, அம்மனையின் செல்வம் எவர் உழைப்பில் விளைந்தது என்ற வினாக்களை நமது இலக்கண ஆசிரியர்கள் எழுப்பவில்லை. எனினும் குழந்தைப் பராமரிப்பைப் பற்றிய எந்த ஆராய்ச்சியும் இவ்வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களிலே இவ்வினா ஏட்டுப் பிரச்சினையன்று. அங்கே செவிலியின் இடத்தில் நிற்பது 'பிள்ளைமடுவம்' எனவும் 'பிள்ளைக்காம்பரா' எனவும் தோட்டமக்கள் வழங்கும் நிலையமாகும். தாய் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறும்போது கைப்பிள்ளையை விட்டுச் செல்லும் இடம் அது. அண்மைக் காலத்தில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று பெயர் மாறியுள்ளது. இந்நிலையம் எவ்வாறு தோன்றியது, எவருடைய தேவைக்காக நிலைபெற்றது, பெற்றோர் இன்று எதனை எவரிடம் கேட்க வேண்டியவராக இருக்கின்றனர் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பியிலிருந்து தேயிலைக்கு

மலையகத் தமிழர் வரலாற்றில் மாத்தளைக்குத் தனியிடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தெற்கு நோக்கி நடந்தவர்கள் தம்புள்ளை, நாலந்தை ஆகியவற்றைக் கடந்து மலைநாட்டை எட்டிய வாயில் மாத்தளையாகும். வழியிலே பசியாலும் கொள்ளை நோயாலும் மாண்டோர் பலர். அவ்வாறு வந்தவர்களிற் பெரும்பான்மையினர் ஆண்கள். கோப்பி பருவப் பயிராகையால் அறுவடைக் காலத்திற் கூலிகள் திரள்வதும், அது முடிந்ததும் ஊர் திரும்புவதும் வழக்கமாயிருந்தன. தொழிலாளி பிறந்து வளர்ந்த செலவு முழுவதையும் தென்னிந்தியக் கிராமமே ஏற்றது. தோட்டத்துரை பெற்றுக்கொண்டது வளர்ந்து முதிர்ந்த உழைப்பாளியை மாத்திரமே. ஆகவே கோப்பித் தோட்டத்திலே பிள்ளைமடுவத்துக்குத் தேவை எழவில்லை.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை 1880இல் திறக்கப்பட்டபோது கோப்பியின் வீழ்ச்சி தொடங்கிவிட்டது. அதன் இடத்திலே தேயிலையும், தாழ்ந்த பகுதிகளில் இறப்பரும் கொக்கோவும் வந்தன. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. கிழமைக்கொரு முறை அதே மலையைச் சுற்றிப் பறித்தாக வேண்டும். எனவே தோட்டத்திலேயே நிலையாகக் குடியிருக்கும் தொழிலாளர் தேவைப்பட்டனர். அவர்களுள்ளும் பெண்களே கொழுந்தெடுக்கும் பெரும்படையாயினர். குடும்பம் லயத்திற் குடியேறியது. குழந்தை தோட்டத்திலேயே பிறந்தது.

தொழிலாளி வர்க்கம் தன்னைத்தானே மறுஉற்பத்தி செய்துகொள்வது மூலதனத்தின் நிலைபேற்றுக்கு இன்றியமையாதது என்றும், முதலாளி அதனைத் தொழிலாளரின் இயல்பூக்கத்திடமே விட்டுவிடலாம் என்றும் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். மாஞ்செஸ்டர் நகரத்து ஆலை முதலாளிக்கு இது பொருந்தும். தேயிலைத் தோட்டத்துக்கு முற்றாகப் பொருந்தவில்லை. இங்கே பிள்ளையைப் பெறுபவளும் கொழுந்தைப் பறிப்பவளும் ஒருத்தியே. அவள் குடியிருப்பதும் தோட்டத்தின் லயத்திலேயே. குழந்தை அவளை லயத்தில் நிறுத்திவிட்டால் அன்றைய கொழுந்து முற்றிக் கெடும். இம்முரண்பாட்டிலிருந்தே பிள்ளைமடுவம் பிறந்தது. குழந்தையின் மேம்பாட்டை முன்னிட்டு எழுந்த கட்டடமன்று அது. தாயின் இரு கைகளையும் விடுவிப்பதற்காக எழுந்தது. இந்த அடிப்படை உண்மையை மறந்தால் பின்வந்த வரலாறு விளங்காது.

மடுவத்தின் அமைப்பும் இதனை உறுதிப்படுத்துகின்றது. பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகை. கூரைமரத்திலிருந்து தொங்கும் சேலைத் தொட்டில்கள். மலையேற இயலாத முதியவள் ஒருத்தி காவல். அவளைக் காவலுக்கு வைத்ததற்குக் காரணம் குழந்தை வளர்ப்பில் அவளுக்குள்ள திறமையன்று. கொழுந்து பறிக்கும் வலு அவளிடம் இல்லாது போனமையே. குழந்தைகளின் மீது கொண்ட பரிவால் தன்னாலியன்றதைச் செய்த அம்மூதாட்டியரைக் குறைகூற இடமில்லை. அவ்வேலைக்கு எத்தகுதியும் தேவையில்லை என்று கருதிய முறைமையே ஆராய்வுக்குரியது.

சட்டத்தின் கணக்கும் மலையின் கணக்கும்

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தக்க பராமரிப்பும் போசாக்கும் பெறுவதை உறுதிப்படுத்துவது தோட்டத்துரையின் கடமை என விதித்தது. பிள்ளை பெற்ற தாய்க்கு முப்பது நாள் உணவும் உறைவிடமும் அளிக்கப்பட வேண்டும் எனவும் கூறியது. இவ்விதி எவ்வகைக் கிளர்ச்சியின் விளைவுமன்று. தொழிலாளருக்கு அன்று சங்கமும் இல்லை, வாக்கும் இல்லை. சிசு மரணம் மலிந்த தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பது கடினம் என்பதை அரசும் துரைமாரும் உணர்ந்தமையே அதன் பின்னணி எனக் கொள்ளலாம்.

குழந்தை எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்சம்பளம் மூன்று படிகளாக வகுக்கப்பட்டது. மத்திய உயரப் பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம், பிள்ளைக்கு 31 சதம். பிள்ளை என்பது அங்கே ஒரு கூலிப் பிரிவு. மடுவத்துத் தொட்டிலிலிருந்து இறங்கிய பிள்ளை சில ஆண்டுகளிலே பெரட்டுக்களத்தில் நின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பருவத்தை, அதாவது கற்றலுக்கும் விளையாட்டுக்கும் உரிய பருவத்தை, தோட்டக் கணக்கேடு அறியாது.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இத்துறையில் முக்கியமான அடுத்த படியாகும். பின்னர் அதிற் சேர்க்கப்பட்ட பிரிவொன்று பாலூட்டும் இடைவேளை பற்றியது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை உடைய தாய்க்கு ஒன்பது மணி நேர வேலையில் இரு இடைவேளைகள் உண்டு. வேலைத்தலத்திலே பிள்ளை பராமரிப்பு நிலையம் இருப்பின் ஒவ்வொன்றும் அரைமணியிற் குறையாமலும், இல்லையெனில் ஒரு மணியிற் குறையாமலும் இருத்தல் வேண்டும்.

இவ்விதியைச் சற்று ஊன்றிக் கவனிப்போம். மடுவம் இல்லாத தோட்டத்திலே பாலூட்டும் தாயொருத்திக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் விடுவிக்கப்பட வேண்டும். மடுவம் உள்ள தோட்டத்தில் ஒரு மணி நேரம் போதும். அதாவது மடுவம், பாலூட்டும் தாய் ஒவ்வொருத்தியிடமிருந்தும் நாள்தோறும் ஒரு மணி நேர உழைப்பைத் தோட்டத்துக்கு மீட்டுக் கொடுக்கின்றது. அத்தகைய தாய்மார் இருபதின்மர் உள்ள தோட்டத்தில் இது நாளொன்றுக்கு இருபது மணி நேரமாகும். மடுவத்துக்காகும் செலவை 'நலன்புரிச் செலவு' என்று கணக்கெழுதும் நிர்வாகம் இந்த வரவை எங்கும் எழுதுவதில்லை.

இனி மலையின் கணக்கு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளில், றத்தோட்டை, எல்கடுவை முதலிய பகுதிகளிலே, மடுவம் லயத்துக்கோ தொழிற்சாலைக்கோ அண்மையில் இருக்கும். அன்று பறிக்கும் மலையோ செங்குத்தான ஏற்றத்துக்கு அப்பால் இருக்கும். அரைமணி இடைவேளையிலே இறங்கி வந்து பாலூட்டி மீண்டும் ஏறுதல் எவ்வாறு இயலும்? இதனினும் கொடியது வேறொன்று. நேரம் விடுவிக்கப்படுகின்றதேயன்றி நிறை விடுவிக்கப்படுவதில்லை. முழுப்பேர் பெறுவதற்குக் குறித்த கிலோ கொழுந்தைக் கொடுத்தாக வேண்டும் என்பது தோட்ட வழக்கு. பாலூட்டச் சென்ற நேரத்துக்கு ஈடாக நிறை குறைக்கப்படாதவிடத்து, சட்டம் தந்த அரைமணியைத் தராசு பறித்துக்கொள்கின்றது. அரைப்பேருக்கு அஞ்சும் தாய் மார்பில் பால் கட்டிய வேதனையோடு மலையிலேயே நிற்பாள். உரிமை ஏட்டிலிருந்தும் பயன்படாமற் போவதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

மாத்தளையின் தாழ்பகுதி இறப்பர்த் தோட்டங்களிலே இடர்ப்பாடு வேறுவகையானது. பால்வெட்டு விடியற்காலையிலேயே தொடங்குவது. தேயிலைத் தோட்டத்துப் பெரட்டு நேரத்தை அளவாகக் கொண்டு திறக்கப்படும் மடுவம், இருளில் புறப்படும் பால்வெட்டுத் தொழிலாளிக்குப் பயன்படாது. அந்த இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் பாட்டியோ மூத்த மகளோ ஆவாள். மூத்த மகள் தம்பியைச் சுமக்கும் நாள்களில் பள்ளிக்குச் செல்வதில்லை. மழலைப் பராமரிப்புக்கு அரசோ தோட்டமோ செலுத்தாத பணத்தை ஒரு சிறுமியின் கல்வி செலுத்துகின்றது.

வாக்குரிமையும் தொட்டிலும்

பெற்றோரின் கோரிக்கை சட்டமாகவும் நிதியாகவும் மாறுவதற்கு அரசியற் பலம் வேண்டும். 1931இல் டொனமூர்த் திட்டத்தின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தபோது, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டேனும், தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் வாக்காளராயினர். கோ. நடேசையரும் மீனாட்சி அம்மையும் தோட்டந்தோறும் சங்கக் குரலை எழுப்பிய காலம் அது. 1936இல் நடேசையர் அற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்றுச் சட்டம் இச்சூழலிலேயே நிறைவேறியது என்பது மனங்கொளத்தக்கது.

சுதந்திரத்தின் பின் நிலைமை தலைகீழாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி 'பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை' எனப் போற்றப்பட்டது. அந்தப் பாலர் வகுப்பு ஐந்து வயதளவிற் பள்ளிக்கூடத்துக்குள் தொடங்குவது. அதற்கு முந்திய பருவம் நாடு முழுவதிலும் அரசின் பொறுப்புக்குப் புறத்தே நின்றது. தோட்டத்திலோ பள்ளிக்கூடமே அரசின் பொறுப்புக்கு வரவில்லை. தோட்டப் பாடசாலைகள் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்தே பெருமளவில் அரசினாற் பொறுப்பேற்கப்பட்டன. பள்ளிக்கே வழியில்லாத இடத்தில் பள்ளிக்கு முந்திய கல்வியைக் கேட்பது எவ்வாறு?

1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. வெளிநாட்டுக் கம்பனிகளின் பிடி தளர்ந்தமை வரலாற்று முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் இடம்பெயர நேரிட்டது. வடக்கே வன்னிக்குச் சென்றோரும் பலர். அதே ஆண்டுகளிலே தோட்டங்களைப் பஞ்சம் வாட்டியது. உற்பத்திச் சாதனத்தின் உடைமையாளர் மாறுவதால் மாத்திரம் உற்பத்தி உறவுகள் மாறிவிடுவதில்லை என்ற பாடத்தை இக்காலம் கற்பித்தது. குழந்தைக் காப்பகங்களையும் பொது உணவகங்களையும் புதிய சமுதாயத்தின் முளைகள் என 1919இல் லெனின் வருணித்தார். பெண்ணை வீட்டுச் சிறையிலிருந்து மீட்கும் கருவியாக அவற்றை அவர் கண்டார். தோட்டத்துப் பிள்ளைமடுவமும் உருவத்தால் அதே நிறுவனந்தான். ஆனால் அது பெண்ணை மீட்டது தராசுக்காக.

1984இல் தோட்டப் பெண்கள் ஆணுக்கு நிகரான நாட்சம்பளத்தைப் போராடிப் பெற்றனர். குடியுரிமைச் சிக்கல் 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் தீர்க்கப்பட்டது. எனினும் நிதி வழங்கும் நிறுவனங்களின் கதவு உடனே திறக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தமது நிதியைத் தோட்ட எல்லைக்குள் தாராளமாகச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. பக்கத்துக் கிராமத்திலே பிரதேச சபை முன்பள்ளி நடத்தலாம். லயத்திலே நடத்த வழியில்லை. வாக்கு மட்டும் லயத்திலிருந்து சென்றது. இத்தடை 2018ஆம் ஆண்டின் திருத்தத்தினாலேயே நீங்கியது.

இன்றைய முரண்பாடு

1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்றும் பங்குகொள்ளும் நிதியமொன்று பிள்ளைமடுவங்களைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றும் பணியில் ஈடுபட்டது. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் நியமிக்கப்பட்டனர். 2015இல் உலக வங்கி அங்கீகரித்த ஐந்து கோடி டொலர் திட்டமொன்றில் தோட்ட நிலையங்களும் சேர்க்கப்பட்டன. இவை பயனற்றவை என்று கூறுதல் நேர்மையாகாது. நல்ல கட்டடமும் பயின்ற ஆசிரியையும் குழந்தைக்கு உண்மையான பேறுகள்.

மாத்தளையின் தனித்தன்மை யாதெனில், இங்குள்ள தோட்டங்கள் ஒரே கையில் இல்லை. கம்பனிகளுக்கு அப்பால் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்ட யாக்கம், அரசுக்குரிய எல்கடுவை நிறுவனம் ஆகியவற்றின் தோட்டங்களும், துண்டு துண்டான தனியார் தோட்டங்களும் உள்ளன. ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் பராமரிப்பு, அதன் தாய் எவருடைய பெயர்ப்பதிவேட்டிற் பதிவாகியுள்ளாள் என்பதைப் பொறுத்ததாகி விடுகின்றது.

முரண்பாட்டின் கூர்முனை இங்கேதான் உள்ளது. தோட்டத்திற் குடியிருப்போரில் தோட்ட வேலை செய்வோர் தொகை குறைந்து வருகின்றது. இளந்தாய்மார் ஆடைத் தொழிற்சாலைக்கும் நகரக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் செல்கின்றனர். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு மத்திய கிழக்குக்குச் சென்றோரும் உளர். தொழில் வழங்குநரின் கடமை தன் தொழிலாளியோடு முடிவது. கொழுந்து பறியாத தாயின் பிள்ளையைப் பராமரிக்கத் தோட்டத்துக்குச் சட்டக் கட்டாயம் எதுவுமில்லை. தாயின் கைகளை விடுவிப்பதற்காகப் பிறந்த நிறுவனம், அக்கைகள் தனக்கு வேண்டாதபோது குழந்தையையும் கைவிடக்கூடும். மடுவத்தின் பிறப்பிலிருந்த நோக்கம் அதன் எதிர்காலத்தையும் கட்டுப்படுத்துகின்றது.

தோட்டத்துக்கு வெளியே பெற்றோர் காண்பது கட்டண முன்பள்ளியை. இலங்கையின் முன்பள்ளிகளிற் பெரும்பாலானவை தனியாரும் சமய நிறுவனங்களும் தொண்டமைப்புகளும் நடத்துபவை. பெற்றோரின் மாதக் கட்டணமே ஆசிரியையின் ஊதியமாகின்றது. கட்டணத்தை உயர்த்தினால் ஏழைப் பெற்றோர் பிள்ளையை நிறுத்துவர். உயர்த்தாவிடின் ஆசிரியை வேலையை விடுவாள். இங்கே ஏழைத் தாயையும் ஏழை ஆசிரியையையும் எதிரெதிரே நிறுத்துவது பொதுநிதியின் இன்மையே. தோட்டக் கூலி நாளொன்றுக்கு 1,000 ரூபாயாக உயர்ந்ததே 2021இல், நீண்ட போராட்டத்தின் பின்னர். அத்தகைய கூலியில் இரு பிள்ளைகளுக்குக் கட்டணம் செலுத்துவது எவ்வளவு பாரம் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே முன்பள்ளிப் பிள்ளையின் காலையுணவுக்கான ஒதுக்கீடு 60 ரூபாயிலிருந்து 100 ரூபாயாக முன்மொழியப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆனால் முன்பள்ளிக்கே வராத பிள்ளைக்கு அவ்வுணவும் எட்டாது.

முன்பள்ளி 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின் மாகாண சபையின் பொறுப்பாகும். மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிவடைந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன. வாக்கில்லாதிருந்த காலத்திலே தோட்டப் பெற்றோர் கேட்பதற்குச் சபை இருந்தது, உரிமை இல்லை. பின்னர் உரிமை வந்தது, கேட்பதற்குத் தெரிவான உறுப்பினர் இல்லை.

பெற்றோர் எதனைக் கேட்க வேண்டும்?

மேற்கூறியவற்றிலிருந்து கோரிக்கைகள் தாமே பெறப்படும். முதலாவது, நிலையத்தில் இடம் பெறும் உரிமை தாயின் பெயர்ப்பதிவேட்டிலிருந்து பிரிக்கப்பட்டுக் குழந்தையின் வதிவிடத்தோடு இணைக்கப்படுதல் வேண்டும். 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சாசனத்தின் 18ஆம் உறுப்புரை, உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் பராமரிப்புச் சேவைகளிற் பயன்பெறும் உரிமையை உறுதிசெய்யும் கடமையை அரசுமீதே சுமத்துகின்றது, கம்பனிமீதன்று. இரண்டாவது, திறக்கும் நேரம் பால்வெட்டு உட்பட அவ்வவ்விடத்து வேலை நேரத்துக்கு இயைய அமைதல் வேண்டும். மூன்றாவது, பாலூட்டும் தாயின் நேரத்தோடு நிறையும் குறைக்கப்படுதல் வேண்டும். இது கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்களிலே தொழிற்சங்கங்கள் எழுப்ப வேண்டிய வினா. நான்காவது, முன்பள்ளி இலவசக் கல்வியின் முதற் படியாக ஏற்கப்பட்டு, தமிழ்மொழிப் பயிற்சி பெற்ற ஆசிரியைக்கு அரசே ஊதியம் வழங்குதல் வேண்டும்.

இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்போர் உளர். மழலைப் பராமரிப்புக்கு இதுவரை எவரும் செலவிடவில்லை என்பது போன்ற மயக்கத்தில் எழும் கேள்வி அது. செலவு என்றும் செலுத்தப்பட்டே வந்துள்ளது. மார்பில் பால் கட்டிய தாயும், பள்ளியை விட்ட மூத்த மகளும், வலுவிழந்த பின்னும் ஓயாத பாட்டியும் அதனைச் செலுத்தினர். அவர்கள் செலுத்தியது எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஏறவில்லை. பெற்றோர் கேட்பது புதிய செலவொன்றையன்று. நூறாண்டுக்கு மேலாகத் தாம் தனித்துச் சுமந்த செலவைச் சமுதாயம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதையே. செவிலி ஒரு மனையின் செல்வத்துக்கு அடையாளமாக இருந்தாள். நாட்டின் செல்வத்தைப் பறித்துக் கூடையில் நிரப்பிய தாயின் பிள்ளைக்கும் அவள் கிடைக்க வேண்டும்.